தன்பாலீர்ப்பு இயற்கையானதா? விலங்குகளை முன்வைத்து எழும் கேள்வி

தென்பெண்ணை கேட்கிறார்:

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் அண்மையில் நடந்த ஓர் உரையாடலில், ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்புவது "ஆடு மாடுகூடச் செய்யாத காரியம்" என்று ஒருவர் சொன்னார். 1,500 விலங்கினங்களில் அது பதிவாகியிருக்கிறது, ஆகவே இயற்கையானதுதான் என்று மற்றொருவர் விடையளித்தார். பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. அந்த இரண்டு கூற்றுகளில் எதுவும் எனக்கு நிறைவளிக்கவில்லை.

1,500 என்ற எண், 2006-இல் நார்வேயின் ஓஸ்லோ இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியை ஒட்டிப் பரவியது என்று அறிகிறேன். அந்த எண்ணுக்குள் எவையெல்லாம் அடங்குகின்றன? ஓர் ஆண் விலங்கு மற்றோர் ஆணின் மேல் ஒருமுறை ஏறியதைக் கண்டாலே அந்த இனம் பட்டியலில் சேர்ந்துவிடுமா? நியூயார்க் சென்ட்ரல் பார்க் விலங்குக் காட்சிச்சாலையில் ராய், சைலோ என்ற இரண்டு ஆண் பெங்குவின்கள் இணைந்து வாழ்ந்து, காப்பாளர்கள் கொடுத்த முட்டையை அடைகாத்து, டாங்கோ என்ற குஞ்சை வளர்த்த செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. சில ஆண்டுகளில் சைலோ ஒரு பெண் பெங்குவினோடு இணைந்துவிட்டது என்ற செய்தியை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. வேறு வழியில்லாத சூழலில் நடப்பதையும், எதிர்பால் துணை கிடைத்தும் தன்பாலையே நாடுவதையும் ஒன்றாக எண்ணலாமா? பிந்தையது மனிதர் அல்லாத எந்த விலங்கிலாவது உறுதிப்பட்டிருக்கிறதா? அப்படி இருந்தால், பிள்ளை பெறாத ஒரு விருப்பத்தை இயற்கைத் தேர்வு ஏன் இத்தனை காலம் விட்டுவைத்தது?

இது எனக்கு வெறும் அறிவுத் தேட்டம் அன்று. என் அக்காள் மகன் தான் ஆண்களை மட்டுமே விரும்புபவன் என்று சென்ற ஆண்டு தன் பெற்றோரிடம் சொல்லிவிட்டான். அக்காள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இது இயற்கையாக வந்ததா, இல்லை நாங்கள் வளர்த்ததில் ஏதேனும் பிசகா?" அவருக்குத் தவறான ஆறுதலைச் சொல்ல நான் விரும்பவில்லை, உண்மையாக நிற்கக்கூடிய விடையையே சொல்ல விரும்புகிறேன்.

மேய்ச்சல்நிலம் எழுதுகிறார்:

நான் கால்நடை மருத்துவன். உங்கள் வாசகர் வட்டத்து நண்பருக்கு, தொழுவத்தில் அன்றாடம் காணும் ஒன்றையே முதலில் நினைவூட்ட வேண்டும். கறவை மாடு வைத்திருக்கும் எவரிடமும், மாடு பருவத்துக்கு வந்ததை எப்படி அறிகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஓயாமல் கத்தும், கண்ணாடி போல ஒழுக்கு வழியும், பக்கத்து மாட்டின் மேல் தாவும், மற்ற மாடு தன் மேல் தாவினால் அசையாமல் நிற்கும் என்பார்கள். பசு பசுவின் மேல் தாவுவது சினை ஊசி போடுவதற்கு நேரம் குறிக்கும் அடையாளமாகவே கிராமங்களில் பயன்படுகிறது. உறைவிந்து நிலையங்களில் விந்து சேகரிக்கும்போது காளையின் முன்னால் பெரும்பாலும் மற்றொரு காளையைத்தான் கட்டி நிறுத்துவார்கள். வந்த காளை தயங்காமல் அதன் மேல் தாவும். ஆகவே ஆடு மாடு செய்யாத காரியம் என்ற கூற்று உண்மைக்கு நேர்மாறானது.

ஆயினும் இதைக் கொண்டு பசுக்களும் காளைகளும் தன்பாலீர்ப்பு உடையவை என்று சொல்லிவிட முடியாது. உங்கள் ஐயம் நியாயமானது. ஒரு செயல் நடப்பது வேறு, இரண்டு விலங்குகள் துணையாகச் சேர்ந்து வாழ்வது வேறு, தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கும்போதும் தன்பாலையே நாடுவது வேறு. பெரும் எண்ணிக்கையில் சொல்லப்படும் பட்டியல்களில் மிகப் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. காங்கோ ஆற்றுக்குத் தெற்கே வாழும் போனபோ குரங்குகளில் பெண்கள் ஒன்றையொன்று தழுவிப் பிறப்புறுப்பை உரசிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது, குறிப்பாக உணவைக் கண்டு கூட்டம் பரபரப்படையும் நேரங்களில். அதன்பின் பூசல் தணிந்து சேர்ந்து உண்கின்றன. அதே பெண்கள் ஆண்களோடும் கூடுகின்றன, குட்டி ஈனுகின்றன.

இரண்டாம் வகைக்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று ஹவாயின் ஓஆஹு தீவில், கயேனா முனையில் வாழும் லேசான் அல்பட்ராஸ் பறவைகள். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், கூட்டில் அமர்ந்திருக்கும் ஒவ்வோர் இணையும் ஆண்-பெண் இணையென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. லின்ட்சே யங் என்ற ஆய்வாளரின் குழு டிஎன்ஏ கொண்டு பாலைச் சோதித்தபோது, 125 இணைகளில் 39, அதாவது 31%, இரண்டு பெண் பறவைகளால் ஆனவை என்று தெரிந்தது. இந்த முடிவு 2008-இல் வெளியானது. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் இனம் இது. குஞ்சை வளர்க்க இரண்டு பெரிய பறவைகள் கட்டாயம் வேண்டும். அந்தக் குடியேற்றத்தில் பறவைகளில் 59% பெண்கள் என்பதால் ஆண் துணைக்குப் பற்றாக்குறை இருந்தது. வேறு இணையிலுள்ள ஓர் ஆணோடு கூடிக் கருவுற்ற பெண், மற்றொரு பெண்ணோடு சேர்ந்து அடைகாத்துக் குஞ்சை வளர்க்கிறது. சில இணைகள் பல்லாண்டுகள் பிரியாமல் இருந்திருக்கின்றன. ஆண்-பெண் இணைகளைவிட இவை குறைவாகவே குஞ்சு பொரிக்கின்றன. ஆனால் இணையே இல்லாத பெண்ணைவிட அதிகம். இது கூண்டுக்குள் நடந்ததன்று, திறந்த கடற்கரையில் நடப்பது. ஆயினும் ஆண்கள் குறைந்த சூழலுக்கு அவை கண்ட வழி என்று இதைச் சொல்வதே பொருத்தம்.

உங்கள் கேள்வியின் மையமான மூன்றாம் வகைக்கு வருகிறேன். மனிதரைத் தவிர, எதிர்பால் துணை அருகிலிருந்தும் தன்பாலையே நிலையாக நாடும் தனியன்கள் முறையான சோதனைகளில் தெளிவாக அடையாளம் காணப்பட்ட இனம் வீட்டுச் செம்மறியாடு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டுபாய்ஸ் என்னுமிடத்திலுள்ள செம்மறியாட்டு ஆய்வு நிலையத்தில், பொலிகிடாக்களின் திறனை அளக்கும் வேலையாகத்தான் இது தொடங்கியது. பருவத்திலிருக்கும் பெட்டையாடுகளிடம் சில கிடாக்கள் சற்றும் நாட்டம் காட்டவில்லை. அவற்றை மலட்டுக் கிடாக்கள், சோம்பல் கிடாக்கள் என்று ஒதுக்குவதே வழக்கம். பிறகு ஒரு பக்கம் பருவப் பெட்டைகளையும் மறுபக்கம் கிடாக்களையும் கட்டி நிறுத்தி, வேண்டியதைத் தேர்ந்துகொள்ள விட்டபோது, ஏறத்தாழ 8% கிடாக்கள் மீண்டும் மீண்டும் கிடாக்களையே நாடின. அவற்றுக்குக் காம வேட்கை இல்லாமல் இல்லை. அந்த வேட்கை திரும்பியிருந்த திசைதான் வேறு.

ஓரிகன் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ரோசெல்லியும் அவருடைய குழுவினரும் இக்கிடாக்களின் மூளையை ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூளையின் ஹைப்போதலாமசை ஒட்டிய பகுதியில் உள்ள ஒரு நரம்பணுத் தொகுதி, பெட்டையை நாடும் கிடாக்களில், கிடாவை நாடும் கிடாக்களில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு பெரிதாக இருந்தது. கிடாவை நாடும் கிடாக்களில் அதன் அளவு பெட்டைகளின் அளவை ஒத்திருந்தது. ஆண், பெண் குட்டிகளுக்கிடையே இந்தத் தொகுதியில் காணப்படும் வேறுபாடு கருப்பையிலேயே உருவாகிவிடுகிறது என்பதையும் பின்னர் காட்டினார்கள். அதன் அளவுதான் விருப்பத்தைத் தீர்மானிக்கிறது என்று இதைக் கொண்டு அறுதியிட முடியாது; இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதே நிறுவப்பட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஆய்வு எதிர்காலத்தில் மனிதரை "மாற்றுவதற்கு" வழிகோலிவிடுமோ என்று அஞ்சி, டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவ்ரத்திலோவா 2006-இல் அதை நிறுத்தக் கோரினார். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. அப்படியிருந்தும், அந்தக் கிடாக்களைப் பற்றி அறிந்தது நல்லது என்றே கருதுகிறேன், ஏனெனில் ஒரு கிடாவை யாரும் கெட்ட சகவாசத்தால் கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது.

அறமன்றம் எழுதுகிறார்:

மருத்துவர் ஐயா சொன்ன தகவல்களை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் மேல் வழக்கைக் கட்ட வேண்டாம் என்று தென்பெண்ணை அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.

கருநாடகத்தின் தார்வாடிலும் இராசத்தானின் அபு மலையிலும் அனுமன் குரங்குகளை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? கூட்டத்தைப் புதிதாகக் கைப்பற்றும் ஆண், முந்தைய ஆணின் பால்குடிக் குட்டிகளைக் கொன்றுவிடுகிறது. அதுவும் இயற்கைதான். அதை மனிதர்க்கு நெறியாக எவரும் கொள்வதில்லை. மறுபுறம், எந்த விலங்கும் துறவு பூணுவதில்லை. இனப்பெருக்கத்தைத் தன் விருப்பத்தால் விட்டொழித்த துறவியை நாம் இயற்கைக்கு முரணானவர் என்று இழிவுசெய்வதில்லை, காலில் விழுந்து வணங்குகிறோம். விலங்குகளிடம் இருப்பதும் இல்லாததும் மனிதரின் மதிப்பை அளக்கும் கோலாக எந்த விஷயத்திலும் இருந்ததில்லை. இந்த ஒன்றில் மட்டும் ஏன் ஆக வேண்டும்?

நான் வழக்குரைஞன் என்பதால், இந்தக் கோல் நீதிமன்றத்தில் என்ன செய்தது என்பதையும் சொல்கிறேன். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு "இயற்கையின் ஒழுங்குக்கு எதிரான" புணர்ச்சியைக் குற்றமாக்கியது. எது இயற்கையின் ஒழுங்கு என்று சட்டம் சொல்லவில்லை. 1925-இல் சிந்துப் பகுதியின் நீதிமன்றம் கானு என்பவரின் வழக்கில், புணர்ச்சியின் இயற்கையான நோக்கம் மனிதக் கரு உண்டாகும் வாய்ப்பே என்று கூறி, அந்த வாய்ப்பில்லாததை இயற்கைக்கு எதிரானதாகக் கொண்டது. அந்த அளவுகோலின்படி, மாதவிடாய் நின்ற மனைவியோடு வாழும் கணவனும், கருத்தடைச் சாதனம் பயன்படுத்தும் தம்பதியரும்கூடத் தப்ப முடியாது. இருந்தும் அந்த வாதத்தின் நிழல் பல பத்தாண்டுகள் நம் தீர்ப்புகளின் மேல் படிந்திருந்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2009-இல் அந்தச் சட்டப் பிரிவைத் தளர்த்தியது. உச்ச நீதிமன்றம் 2013-இல் அந்தத் தளர்வை நீக்கியது. கடைசியில் 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, வயதுவந்தவர்கள் இசைந்து தனிமையில் கொள்ளும் உறவு குற்றமன்று என்றார்கள். அந்தத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட், எது இயற்கை, எது இயற்கையல்ல என்று பிரிப்பவர் யார், அந்த எல்லையை வகுக்கும் அதிகாரம் அரசுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். என் பார்வையில் அந்தத் தீர்ப்பின் மிக ஆழமான கேள்வி அதுவே.

நாளையே ஒரு புதிய ஆய்வு வந்து, இந்த ஈர்ப்பு பிறவியில் வருவதன்று என்று நிறுவிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் மருமகனின் மதிப்பு குறைந்துவிடுமா? குறையாது என்றால், இன்றைய ஆய்வின்மேல் அதை நிறுத்துவானேன்?

நெய்தல்துறை எழுதுகிறார்:

அறமன்றம் அவர்கள் சொல்வது தருக்கத்தில் சரியானது. ஆனால் அக்காள் கேட்ட கேள்வி தருக்கத்தைப் பற்றியதன்று, காரணத்தைப் பற்றியது. வளர்ப்பில் பிசகா என்று கேட்கும் தாய்க்கு, காரணம் எதுவானாலும் கவலையில்லை என்ற விடை போதாது. அந்தக் கேள்விக்கு அறிவியலில் விடை இருக்கிறது. நான் மரபியல் துறையில் பணிபுரிபவள் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல முயல்கிறேன்.

2019-இல் வெளியான ஆய்வொன்று 4,77,522 பேரின் மரபணுத் தகவல்களை ஒப்பிட்டது. ஒரே ஒரு "தன்பாலீர்ப்பு மரபணு" என்று ஏதும் இல்லை என்பது அதன் முதல் முடிவு. மரபணுத் தொகுப்பில் தெளிவான தொடர்புடைய இடங்களாக ஐந்து மட்டுமே தென்பட்டன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால், மக்களிடையே இந்நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் 8 முதல் 25% வரை அவற்றால் விளக்கப்படுகிறது. ஒருவருடைய மரபணுவைப் பார்த்து அவர் யாரை விரும்புவார் என்று சொல்லிவிட முடியாது.

மீதியுள்ள பங்கை உடனே வளர்ப்பின் தலையில் சுமத்துவோர் பலர். அது தவறான கழித்தல். மரபணு அல்லாதவற்றில், பிறப்பதற்கு முன் கருப்பையில் நடப்பவையும் அடங்கும். ரே பிளான்சார்டும் ஆன்டனி போகேர்ட்டும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி திறந்தது. ஒரே தாய் வயிற்றில் தனக்கு முன் பிறந்த ஒவ்வோர் அண்ணனுக்கும், ஓர் ஆண் தன்பாலீர்ப்பு உடையவனாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. கூடுதல் என்றாலும் பெரியதன்று: அடிப்படை வாய்ப்பு 2% என்று கொண்டால், ஓர் அண்ணன் உள்ளவனுக்கு அது 2.7% அளவில் இருக்கும். எனவே அண்ணன்மார் பலர் உள்ள ஆண்களிலும் மிகப் பெரும்பாலானோர் பெண்களையே விரும்புகிறார்கள். இதில் கருத்தூன்ற வேண்டிய இடம் வேறு. 2006-இல் போகேர்ட், ஒரே வீட்டில் வளர்ந்த தத்து அண்ணன்களையும் மாற்றாந்தாய் வயிற்று அண்ணன்களையும் சேர்த்து ஆராய்ந்தபோது, அவர்களால் எந்தக் கூடுதலும் ஏற்படவில்லை. மாறாக, ஒரே தாய் வயிற்று அண்ணன் வேறு வீட்டில் வளர்ந்திருந்தாலும் அந்தக் கூடுதல் இருந்தது. விளைவு வீட்டில் உண்டாவதன்று, தாயின் கருப்பையில் உண்டாவது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆண் கருவின் ஒய் குரோமோசோம் சார்ந்த ஒரு புரதத்துக்கு எதிராகத் தாயின் உடல் படிப்படியாக எதிர்ப்பொருள் உருவாக்குவதே காரணமாகலாம் என்ற கருத்துக்கு 2017-இல் வெளியான ஆய்வு வலுச்சேர்த்தது. தாய் செய்த எதனாலும் அன்று. உடலின் எதிர்ப்பாற்றல் தன் வழக்கமான வேலையைச் செய்ததன் விளைவு.

இனி இயற்கைத் தேர்வைப் பற்றி. அது பிள்ளைப்பேற்றைக் குறைக்கும் எல்லாவற்றையும் துடைத்தெறிந்துவிடும் என்ற எண்ணம் பொதுவாகப் பரவியிருக்கிறது. முழுக்க மரபால் வருகிற, ஒவ்வொரு முறையும் பிள்ளைப்பேற்றைக் குறைக்கிற ஒரு பண்புக்கே அது அப்படிப் பொருந்தும். இங்கே மரபுப் பங்கு சிறியது, ஆயிரக்கணக்கான இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அவற்றில் பலவற்றைச் சுமப்பவர் பெரும்பாலும் எதிர்பாலையே விரும்புபவராக இருப்பார். அவருக்கு அவை தீங்கு செய்யாமலோ, வேறு வகையில் உதவியோ இருக்கலாம்.

விலங்குகளில் இதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு, நம் நாட்டோடு தொடர்பும் உண்டு. போர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய கயோ சாண்டியாகோ என்ற சிறு தீவில், 1938-இல் இந்தியாவிலிருந்து கொண்டுபோன ரீசஸ் குரங்குகளின் வழித்தோன்றல்கள் கட்டின்றித் திரிகின்றன. அங்கே ஜாக்சன் கிளைவ், வின்சென்ட் சவொலைனன் ஆகியோரின் குழு 236 ஆண் குரங்குகளை மூன்றாண்டுகள் கவனித்து 2023-இல் முடிவை வெளியிட்டது. 72% ஆண்கள் மற்ற ஆண்களின் மேல் ஏறின. பெண்களின் மேல் ஏறியதாகப் பதிவானவை 46%. அந்நடத்தையில் மரபுப் பங்கு 6.4%. ஆண்களோடு கூடியவை குறைந்த குட்டிகளுக்குத் தந்தையாகவில்லை. சேர்ந்து கூடிய ஆண்கள் சண்டைகளில் ஒன்றையொன்று ஆதரித்து நின்றன, அதனால் அவற்றுக்கு ஆதாயமே கிடைத்திருக்கலாம் என்கிறார்கள். பெண்ணை விட்டு ஆணை மட்டும் நாடிய குரங்குகள் அல்ல இவை. பெரும்பாலானவை இரு பாலோடும் கூடுபவை. எனவே மனிதரின் நிலையான விருப்பத்துக்கு இதை நேர் விளக்கமாகக் கொள்ளக் கூடாது. தன்பால் நடத்தை என்றாலே இனவிருத்திக்கு இழப்பு என்ற முன்முடிவைத்தான் இது உடைக்கிறது.

இத்தனை காலம் இவை ஏன் பேசப்படவில்லை என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஸ்காட்டின் அண்டார்க்டிகா பயணக் குழுவில் மருத்துவராகச் சென்ற ஜார்ஜ் மர்ரே லெவிக், 1911-12-இல் அடேர் முனையில் அடேலி பெங்குவின்களைக் கவனித்தபோது, ஆண்கள் ஆண்களோடு கூடுவதையும் கண்டார். பிறர் படித்துவிடக் கூடாதென்று குறிப்பேட்டின் அந்தப் பகுதிகளைக் கிரேக்க எழுத்தில் எழுதினார். வெளிவந்த அறிக்கையிலிருந்து அவை நீக்கப்பட்டு, வெளியிடுவதற்கன்று என்ற குறிப்போடு சில பிரதிகளாக மட்டும் அச்சாயின. 2012-இல்தான் அவை பொதுவெளிக்கு வந்தன. ஒரு நூற்றாண்டு பெங்குவின்களிடம் எதுவும் மாறவில்லை. பார்த்தவர் சொல்லத் துணியவில்லை, அவ்வளவே.

தென்பெண்ணை:

மூவருக்கும் நன்றி. அண்ணன்மார் பற்றிய பகுதியை அக்காளுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். அவனுக்கு அண்ணன் யாரும் இல்லை, அவன்தான் தலைப்பிள்ளை. இருந்தாலும், காரணம் வீட்டில் இல்லை என்ற வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

ஆனால் அத்தான் எதிர்வாதம் வைக்கிறார். மரபணு நான்கில் ஒரு பங்குதான் என்றால் மீதியை மாற்றிவிடலாமே, ஆலோசனையும் மருந்தும் கொடுத்து மாற்றித் தருவதாகச் சொல்லும் ஒருவரை எனக்குத் தெரியும் என்கிறார். இதற்கு என்ன சொல்வது? மருத்துவர் ஐயாவிடம் ஒன்று: வீட்டுச் செம்மறி பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் பொறுக்கி வளர்த்த விலங்கு. அந்த 8% மனிதத் தேர்வால் உண்டான திரிபாக இருக்கக் கூடாதா?

கார்த்திகைப்பூ எழுதுகிறார்:

உங்கள் அத்தானுக்கு விடை சொல்வது அவசரமானது என்பதால் நான் குறுக்கிடுகிறேன். நான் மனநல ஆலோசகர்.

இடக்கைப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் மரபின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான். இடக்கையால் எழுதிய பிள்ளைகளை விரலில் அடித்து வலக்கைக்கு மாற்றிய காலம் நம் பள்ளிகளில் இருந்தது. அவர்கள் வலக்கையால் எழுதக் கற்றார்கள். இயல்பில் இடக்கையர்களாகவே இருந்தார்கள். மரபணுவால் மட்டும் வரவில்லை என்பதற்கு, விரும்பியபடி மாற்றலாம் என்பது பொருளன்று.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973-இல் தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று நீக்கியது. இந்திய மனநல மருத்துவச் சங்கமும் இது நோயன்று என்று 2018-இல் வெளிப்படையாக அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பெற்றோரின் எதிர்ப்பால் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கில், இதைப் புரிந்துகொள்வதற்காகத் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டு, 2021 ஜூன் 7 அன்று வழங்கிய உத்தரவில், ஒருவரின் பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். அதன் தொடர்ச்சியாகத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அத்தகைய "மாற்றுச் சிகிச்சை" மருத்துவர்களுக்குத் தொழில்முறைத் தவறு என்று மாநில மருத்துவ மன்றங்களுக்குத் தெரிவித்தது. மாற்றித் தருவதாகச் சொல்பவர் மருத்துவராக இருந்தால், அவர்மீது மருத்துவ மன்றத்தில் முறையீடு செய்ய முடியும். மருத்துவர் இல்லையென்றால், அந்தப் பையனை அவரிடம் அழைத்துச் செல்வது அதைவிடவும் ஆபத்தானது.

இத்தகைய "சிகிச்சை"களுக்கு ஆளானவர்களை நான் பிற்பாடு சந்திக்கிறேன். அவர்களுடைய ஈர்ப்பு மாறியிருப்பதில்லை. உறக்கம் கெட்டிருக்கும், தன்னைப் பற்றிய வெறுப்பு வேர்விட்டிருக்கும், பெற்றோரிடம் உண்மை பேசும் பழக்கம் நின்றுபோயிருக்கும். உங்கள் மருமகன் தானாக வந்து தன் பெற்றோரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறான். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுங்கள். துணை வேண்டுமென்றால் பெற்றோர்தான் ஆலோசகரைப் பார்க்க வேண்டும், தங்கள் அச்சத்தைப் பேசுவதற்காக.

மேய்ச்சல்நிலம்:

தென்பெண்ணை அவர்களின் கேள்விக்குச் சுருக்கமாக. மனிதத் தேர்வு இதற்கு எதிர்த்திசையில்தான் இயங்கியிருக்கிறது. பெட்டையைத் தாண்டாத கிடாவை எந்தக் கீதாரியும் மந்தையில் வைத்திருக்க மாட்டார். அது இறைச்சிக்குப் போய்விடும், அதற்கு வழித்தோன்றல் இருக்காது. ஆடு வளர்ப்பு தோன்றிய நாள்தொட்டு இந்தக் கழிப்பு நடந்துகொண்டே இருக்கிறது. இயற்கைத் தேர்வைவிடக் கடுமையான தேர்வு அது. அதற்குப் பிறகும் நூற்றில் எட்டு கிடாக்கள் இப்படிப் பிறக்கின்றன என்றால், இதை மனிதன் உண்டாக்கினான் என்று சொல்வது கடினம். மனிதன் இவ்வளவு காலம் கழித்துக் கட்டியும் ஒழியவில்லை என்று சொல்வதே பொருந்தும். பிள்ளை பெறாதவை தொடர்வது எப்படி என்ற உங்கள் முதல் கேள்விக்கும் இது ஒரு விடையாகும்: அந்தக் கிடாக்களைப் பெற்றவை பெட்டையைத் தாண்டிய கிடாக்களும் அவற்றை ஏற்ற பெட்டைகளும்தான்.

காட்டுச் செம்மறிகளிலும் இந்நடத்தை உண்டு. வட அமெரிக்க மலைகளில் வாழும் பெருங்கொம்புச் செம்மறிகளின் கிடாக்கள் ஆண்டின் பெரும்பகுதியைத் தனி ஆண் கூட்டங்களாகக் கழிக்கின்றன. அக்கூட்டங்களில் மூத்த கிடாக்கள் இளைய கிடாக்களின் மேல் ஏறுவதைக் கனடாவில் அவற்றைப் பல்லாண்டு பின்தொடர்ந்த வலேரியஸ் கைஸ்ட் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். இணைசேரும் பருவம் வந்ததும் அதே கிடாக்கள் பெட்டைகளைத் தேடிச் செல்கின்றன. ஆகவே காட்டில் பரவலாகக் காண்பது இருபால் நடத்தை. தன்பாலை மட்டுமே நாடும் நிலையான விருப்பம், சோதித்துப் பார்த்த அளவில், வீட்டுச் செம்மறியிலும் மனிதரிலும் சிறு பங்கினரிடம் காணப்படுகிறது. அக்காளிடம் சொல்லும்போது இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்டது உண்மையை என்பதால், முழு உண்மையே அவருக்குத் தேவை.